மூன்று சகோதரர் தொன்மமும் பழங்குடித் தகுதியும்: சேர்வராயன் மலையாளிகளின் தோற்றக் கதை குறித்த வாசிப்புகள் – ஒரு மறுமதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் எனக் கூறுகின்றனர். காலனிய இனவரைவியல் நூல்கள் இத்தொன்மத்தைக் குடியேற்றச் செய்தியாக வாசித்து, இம்மக்கள் தொல்குடியினர் அல்லர் என்ற முடிவுக்கு வந்தன. தொன்மத்தின் பல வடிவங்களுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்ததாலும், அதிலும் ஆண்வழியை மட்டும் பின்தொடர்ந்ததாலும் விளைந்த முடிவு அது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தொன்மத்தின் பிற வடிவங்களும் சடங்குகளும் மலையில் முன்பே வாழ்ந்தோரின் வழிமரபைப் பெண்வழியாகப் பேணியுள்ளன. பழங்குடித் தகுதி குறித்த இன்றைய சட்ட நடைமுறையில் இவ்வாசிப்பு எத்தகைய விளைவை ஏற்படுத்தக்கூடும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சேர்வராயன் மலை, ஏற்காடு, மலையாளி, தோற்றத் தொன்மம், இனவரைவியல், பழங்குடித் தகுதி, பெண்வழி.

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகச் சேலம் நகருக்கு வடகிழக்கே சேர்வராயன் மலை அமைந்துள்ளது. அதன் மேற்பரப்பிலுள்ள ஏற்காடு இன்று சுற்றுலாத் தலமாகவும் காப்பித் தோட்டப் பகுதியாகவும் அறியப்படுகிறது. இம்மலையிலும் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை, சவ்வாது மலை ஆகியவற்றிலும் வாழும் மலையாளிகள் தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவோர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களுள் மலையாளிகள் 3,57,980 பேர். அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் இச்சமூகத்தினர். இப்பெயர் மலையாள மொழி பேசுவோரைக் குறிப்பதன்று. மலையை வாழிடமாகக் கொண்டோர் என்னும் பொருளில் வழங்குவது. இவர்களின் தாய்மொழி தமிழ்; பெயருக்குப் பின் கவுண்டர் என வழங்குவதும் உண்டு.

சமவெளி மொழியும், சமவெளியை ஒத்த பட்டப்பெயரும், சமவெளி நகரொன்றைச் சுட்டும் தோற்றக் கதையும் கொண்ட ஒரு சமூகத்தைப் பழங்குடி எனக் கொள்ளலாமா என்னும் வினா நூறாண்டுகளுக்கும் மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. இவ்வினாவுக்கு விடை கூறியோர் பெரும்பாலும் தோற்றக் கதையையே சான்றாகக் கொண்டனர். ஆதலின் அக்கதை எவ்வாறு வாசிக்கப்பட்டது என்பதே முதலில் ஆராயத்தக்கது.

தொன்மத்தின் மூன்று வடிவங்கள்

அச்சில் பதிவான வடிவங்களுள் மூன்று இங்கு இன்றியமையாதவை. முதலாவது, எச். லெஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேட்டின் வழியாகப் பரவியது. காஞ்சிபுரத்து வேளாளர் சிலர், தென்னாட்டில் இசுலாமியர் ஆட்சி மேலோங்கியிருந்த காலத்தில், ஏறத்தாழப் பத்துத் தலைமுறைகளுக்கு முன் மலைகளுக்கு வந்தனர் என்பது அதன் சாரம். இரண்டாவது வடிவத்தில் இடம்பெயர்வுக்குக் காரணம் அரசன்று, தெய்வம். கரிராமன் என்னும் தெய்வம் காஞ்சி இனித் தனக்கு உகந்த இடமன்று எனக் கருதி மலைக்குப் புறப்பட, மூன்று சகோதரர்கள் அத்தெய்வத்தைப் பின்தொடர்ந்தனர் என அது கூறுகிறது.

மூன்றாவது வடிவம் எஃப்.ஆர். ஹெமிங்வே தொகுத்துத் 1907இல் வெளிவந்த திருச்சிராப்பள்ளி மாவட்ட விவரச்சுவடியில் உள்ளது. காஞ்சி மன்னனின் உடன்பிறந்தவனாகிய பூசகன் ஒருவன் மன்னனோடு பிணக்குற்று, மூன்று ஆண்மக்களோடும் ஒரு மகளோடும் நாட்டைவிட்டு வெளியேறுகிறான். அப்போது மலைப்பகுதி வேடர், வேளாளர் கைவசம் இருந்தது. அவர்கள் எதிர்த்து நின்றனர்; வந்தவர் வென்றனர். பின்னர் பெரியண்ணன் சேர்வராயனையும், நடுவண்ணன் பச்சைமலையையும், சின்னண்ணன் கொல்லிமலையையும் தமக்குரியனவாகக் கொண்டனர். மூவரும் முறையே கைக்கோளர், வேடர், தேவேந்திரர் ஆகிய குலப் பெண்களை மணந்தனர்.

இவ்வடிவங்களிடையே உள்ள வேறுபாடுகள் சிறியன அல்ல. இரண்டாமவரும் மூன்றாமவரும் எந்த மலையில் தங்கினர் என்பது வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. மூத்தவர் சேர்வராயனில் தங்கினார் என்பது மட்டும் முதல், மூன்றாம் வடிவங்கள் இரண்டிலும் மாறாமல் நிற்கிறது. சேர்வராயன் மலையாளிகள் பெரிய மலையாளிகள் எனப்படுவதற்கு இதுவே அடிப்படை. இடம்பெயர்ந்ததற்கான காரணமும் மூன்றிலும் வெவ்வேறானது: ஆட்சி மாற்றம், தெய்வத்தின் விருப்பம், குடும்பப் பகை. அவற்றுள் ஒன்றில் மட்டுமே இசுலாமியர் ஆட்சி குறிப்பிடப்படுகிறது. எனினும் பிற்கால நூல்களிலும் மக்கள் வழக்கிலுள்ள வரலாற்றுக் குறிப்புகளிலும் இக்காரணமே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. 1883க்குப் பத்துத் தலைமுறை முன் என்பது, தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டெனக் கொண்டால், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சுட்டும். காஞ்சிப் பகுதி கோல்கொண்டாவின் ஆளுகைக்கு உட்பட்டது அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில். மாலிக் காபூரின் 1311ஆம் ஆண்டுப் படையெடுப்போடு இதனை இணைப்போர் கதையின் கால அளவை முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கித் தள்ள வேண்டியவராகின்றனர். எந்த நூற்றாண்டோடும் பொருத்தத்தக்க நெகிழ்வுடையதாக இக்குறிப்பு இருப்பதால், அதனைக் கால வரையறைக்குரிய சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

குடியேற்ற அறிக்கையாக வாசித்தல்

எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல், இவ்வடிவங்களைத் தொகுத்துத் தருகிறது. ஆயினும் நூலின் தொடக்க மதிப்பீடு ஒரு திசையிலேயே செல்கிறது. நீலகிரியின் தோடர்களைப் போன்று மலையாளிகள் தொன்மையான ஆதிக்குடி எனக் கொள்ளத்தக்கவர் அல்லர். அண்மைக்காலத்தில் சமவெளியிலிருந்து மலையேறிய தமிழ் மக்களே எனத் தர்ஸ்டன் கருதுகிறார்.

இம்முடிவில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, தோடரை அளவுகோலாகக் கொண்டமை. மொழியாலும் தோற்றத்தாலும் வாழ்முறையாலும் அயலாரின் பார்வைக்குத் தனித்துத் தெரிந்த ஒரு குடியை முன்மாதிரியாக வைத்தபின், உழுதொழிலும் தமிழும் கொண்ட மலைமக்கள் குறையுடையவராகவே தோன்றுவர். இரண்டாவது, அதே நூல் ஹெமிங்வேயின் வடிவத்தையும் எடுத்துரைக்கிறது. அவ்வடிவம் மலை வெற்றிடமாக இருந்தது எனக் கூறவில்லை. மலையில் மக்கள் இருந்தனர், போர் நிகழ்ந்தது, மணவுறவு ஏற்பட்டது எனக் கூறுகிறது. சான்றைத் தொகுத்த பகுதிக்கும் முடிவை உரைத்த பகுதிக்கும் இடையே நூலினுள்ளேயே முரண் நிலவுகிறது.

இவ்வாசிப்பு உருவான சூழலையும் கருதுதல் வேண்டும். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாரின் கைக்கு மாறின. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அதன்பின் தோட்டங்கள் பெருகின. சுழற்சி முறையில் தரிசாக விடப்பட்ட மலைநிலம் வருவாய்த் துறையின் கணக்கில் உரிமையாளர் அற்ற நிலமாகத் தோன்றியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் எஞ்சிய காட்டையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. இனவரைவியலாளர் தோட்ட உரிமையாளரின் நலனுக்காக எழுதினர் எனக் கூறச் சான்றில்லை. ஆயினும் மலையின் மக்களும் வந்தேறிகளே எனும் கருத்து, அம்மலை எவருக்கும் முன்னுரிமையற்ற நிலம் எனும் நிருவாகக் கருத்தோடு தடையின்றி ஒத்துப்போயிற்று.

இதனோடு ஒப்பிடத்தக்கது ஏற்காட்டின் மற்றொரு தோற்றக் கதை. சுற்றுலா நூல்கள் ஏற்காட்டின் வரலாற்றைக் காக்பர்னிலிருந்தோ, 1842இல் அவ்விடத்தைக் கண்டறிந்ததாகக் கூறப்படும் டேவிட் அர்பத்நாட்டிலிருந்தோ தொடங்குகின்றன. கடல் கடந்து வந்தோர் நிறுவுநராகப் போற்றப்படுகின்றனர். சில நாள் நடைத்தொலைவிலுள்ள காஞ்சியிலிருந்து வந்ததாகக் கூறிக்கொள்வோர் குடியேறியவராகக் குறிக்கப்படுகின்றனர். இடம்பெயர்வு என்பது ஒரு சாராருக்குப் பெருமையாகவும் மறுசாராருக்குத் தகுதிக் குறைவாகவும் அமைவது கதையின் இயல்பால் விளைந்ததன்று. அதனை வாசித்தோரின் நிலையால் விளைந்தது.

பெண்வழியின் இடம்

குடியேற்ற வாசிப்பு பின்தொடர்ந்தது சகோதரர்களை மட்டுமே. அவர்கள் மணந்த பெண்கள் கதையின் பொருளுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். ஆனால் கதையின் தருக்கத்தின்படி, மலையாளிகள் தந்தைவழியில் காஞ்சியினர், தாய்வழியில் பிறர். நடுவண்ணன் மணந்தது வேடர் குலப் பெண்ணை. வேடரோ, அதே கதையின்படி, மலையை முன்பு தம் கைவசம் வைத்திருந்தோர். ஆகவே பச்சைமலைக் கிளையினர் வந்தோரின் வழியினராகவும் முன்பே இருந்தோரின் வழியினராகவும் தம்மைக் கூறிக்கொள்கின்றனர் எனல் வேண்டும்.

இது வெறும் ஊகமன்று என்பதைச் சடங்குகள் காட்டுகின்றன. பச்சைமலை மலையாளிப் பெண்கள் கணவருக்கு உணவு படைக்குமுன் ஒரு பங்கை வேடர் குல முன்னோருக்கென எடுத்து வைத்ததையும், திருமணத்தில் வேடர்க்குரிய அடையாளமாகச் சீப்பு அணிந்ததையும், மணப்பந்தலில் மணமகன் வாளும் அம்பும் வைத்ததையும் அதே விவரச்சுவடி குறிக்கிறது. வாளும் அம்பும் வெற்றியையும் வேட்டையையும் ஒருங்கே நினைவூட்டுவன. கதையைச் சொல்வோர் ஆடவராகவும் தந்தைவழியை முதன்மைப்படுத்துவோராகவும் இருக்கலாம். அன்றாட உணவின்போது தாய்வழி முன்னோரை நினைந்தவர் பெண்கள். காலனிய இனவரைவியல் கதையை வரலாற்றுச் சான்றாகவும் சடங்கை விநோத வழக்கமாகவும் வகைப்படுத்தியதால், ஒன்று மற்றொன்றைத் திருத்துவதை அது காணவில்லை.

சேர்வராயன் கிளைக்கு இதே வகையான சடங்குச் சான்று பதிவாகவில்லை என எதிர்வாதம் எழலாம். மூத்தவர் மணந்ததாகக் கூறப்படுவது கைக்கோளர் குலப் பெண்ணை. கைக்கோளர் மலைக்குடியினர் அல்லர். இவ்வெதிர்வாதம் ஏற்கத்தக்கதே. எனினும் கதை மூன்று மலைகளையும் ஒரே உறவுக் குடும்பமாக அமைக்கிறது. அக்குடும்பத்தினுள் வேடர் வழி இடம்பெற்றிருத்தல், முழுச் சமூகத்தின் தன்வரலாற்றில் மலையின் முந்தைய மக்களுக்கு இடமளிக்கப்பட்டிருப்பதைக் காட்டப் போதுமானது.

குகைக் கோயிலும் வழிபாட்டுக் கற்களும்

சேர்வராயன் மலையில் சமயம் இவ்வினாவை வேறொரு வகையில் எதிர்கொள்கிறது. மலையின் உயர்ந்த பகுதியில் உள்ள குகைக் கோயிலில் சேர்வராயனும் காவேரி அம்மனும் வழிபடப்படுகின்றனர். மே மாதத்தில் நிகழும் விழாவில் பல ஊர்களின் மலையாளிகள் கூடுகின்றனர். குகை காவிரி ஆற்றோடு தொடர்புடையது என்பது மக்கள் நம்பிக்கை. காஞ்சியிலிருந்து வந்ததாகக் கூறிக்கொள்ளும் மக்களின் தலைமைத் தெய்வம் மலையின் பெயரையே தன் பெயராகக் கொண்டிருப்பது கருதத்தக்கது. கரிராமன் கதையில் தெய்வம் சமவெளியிலிருந்து வருகிறது. சேர்வராயன் வழிபாட்டில் தெய்வம் மலையாகவே இருக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே கொண்ட சமயத்தை, சமவெளிச் சமயத்தின் எச்சம் என்றோ தூய மலைச் சமயம் என்றோ ஒருபுறமாக வகைப்படுத்த இயலாது.

இம்மலையில் கிடைத்த புதிய கற்காலக் கைக்கோடரிகளின் வரலாறும் இங்கு இணைத்து நோக்கத்தக்கது. மெருகேற்றப்பட்ட இக்கற்களை மக்கள் கண்டெடுத்துச் சிறு கோயில்களில் பிள்ளையாராக வைத்து வழிபட்டனர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான இராபர்ட் புரூஸ் ஃபூட் தம் இறுதிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1912இல் மறைந்த அவருடைய நினைவிடம் அங்குள்ள தூய திரித்துவத் தேவாலயத்தில் உள்ளது. அவர் திரட்டிய தொல்பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. கோயிலில் பிள்ளையாராக இருந்த வகைக் கல் அருங்காட்சியகத்தில் கற்காலக் கருவியாயிற்று. இரண்டு பெயரிடலும் தத்தம் களத்தில் பொருளுடையன. ஆனால் மலையில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வாழ்ந்தனர் என்பதை மெய்ப்பித்த இச்சான்று, மலையாளிகள் பற்றிய மதிப்பீட்டைச் சிறிதும் மாற்றவில்லை. கற்களைப் பேணியோர் ஒரு நூலிலும், கற்களைச் செய்தோர் மற்றொரு நூலிலுமாகப் பிரிக்கப்பட்டனர். இருவருக்கும் வழிமரபுத் தொடர்பு உண்டென இதனால் நிறுவ இயலாது. இல்லையெனக் கதையை மட்டும் கொண்டு நிறுவவும் இயலாது.

சட்டத்தின் முன் தொன்மம்

விடுதலைக்குப் பின் இவ்வினா நூலறிவுக்குரியதாக மட்டும் இருக்கவில்லை. 1965ஆம் ஆண்டின் லோகூர் குழு, பழங்குடியை இனங்காணத் தொன்மையான கூறுகள், தனித்த பண்பாடு, நிலவியல் தனிமை, வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை ஆகிய ஐந்தையும் அளவுகோலாக்கியது. தர்ஸ்டன் தோடரை முன்வைத்து எழுதியதன் சாயலை இவற்றுள் காணலாம். 1976ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களின் மலையாளிகளை மட்டும் பட்டியலில் குறிக்கிறது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் அதே சமூகத்தினர் இவ்வெல்லைக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களின் கோரிக்கை நெடுங்காலமாகத் தொடர்கிறது.

1994இல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழங்குடிச் சான்றிதழைச் சரிபார்க்கும்போது தெய்வம், சடங்கு, திருமண முறை, இறப்புச் சடங்கு முதலியவற்றை விசாரிக்குமாறு நெறிமுறை வகுத்தது. போலிச் சான்றிதழைத் தடுப்பது அதன் நோக்கம், அந்நோக்கம் நியாயமானது. எனினும் ஒருவரின் சமயமும் தோற்றக் கதையும் விசாரணைப் பொருளாகும்போது, எந்த வாசிப்பை அளவுகோலாக்குவது என்னும் வினா எழுகிறது. காஞ்சி வேளாளர் வழிவந்தோம் எனும் கூற்று, சமவெளிச் சாதிகளின் முன் மதிப்பை வேண்டிக் கூறப்படுவது. அலுவலரின் கோப்பில் அதே கூற்று பழங்குடித் தன்மைக்கு எதிரான ஒப்புதலாக மாறக்கூடும். ஒரு நூற்றாண்டுக்கு முன் இனவரைவியல் செய்த பிழை, இங்கு ஒரு மாணவரின் கல்வி வாய்ப்பாகவோ பணி வாய்ப்பாகவோ உருமாறும். 2023 மார்ச் 24 அன்று மகாராட்டிர வழக்கொன்றில், இத்தகைய இனத்தொடர்புச் சோதனை இறுதியான அளவுகோல் ஆகாது என உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தெளிவுபடுத்தியது. பண்பாடு மாறும் இயல்பினது என்பதை ஏற்கும் இத்தீர்ப்பு, தொன்ம வாசிப்புக்கும் பொருந்தும் எச்சரிக்கையாகும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காலக் கணக்கை மேலும் கூர்மையாக்குகிறது. பட்டியலிலுள்ள பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்னரே வனத்தில் வாழ்ந்ததைக் காட்டினால் போதும். பட்டியலில் இல்லாத பிற வனவாழ் மக்கள் மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து ஆண்டு வாழ்வை மெய்ப்பிக்க வேண்டும். லெஃபானு பதிவுசெய்த பத்துத் தலைமுறை என்னும் கூற்றை ஏற்றாலும் மலையாளிகள் இவ்வரம்பை மும்மடங்குக்கு மேல் கடந்தவர். அண்மையில் வந்தோர் என அவர்களைத் தள்ளிய அதே கூற்று, நெடுநாள் வாழ்ந்தோர் என அவர்களை நிறுவவும் போதும்.

கோட்பாட்டு ஒப்பீடு

ஜேம்ஸ் சி. ஸ்காட் 2009இல் வெளியிட்ட தம் நூலில், தென்கிழக்காசிய மலைகளின் மக்கள் சமவெளி அரசுகளின் வரி, கட்டாய உழைப்பு, போர் ஆகியவற்றிலிருந்து விலகி மலையேறியோர் எனவும், பழங்குடித் தன்மை அவ்விலகலால் உருவானது எனவும் வாதிட்டார். இவ்வாதம் ஒரு வகையில் பயனுடையது. வந்தேறியவராக இருத்தலும் பழங்குடியாக இருத்தலும் முரண்பட்டவை எனும் கருத்தை அது தகர்க்கிறது.

ஆயினும் அதனை அப்படியே இங்குப் பொருத்துதல் மற்றொரு குறுக்கலாகும். மலையாளிகளின் கதை அரசை மறுக்கவில்லை. காஞ்சியின் மதிப்பை மலைக்குக் கொணர்கிறது. சேர்வராயன் மலை சேலநாடு, முட்டநாடு, மோகநாடு எனப் பிரிக்கப்பட்டிருந்தது. பட்டக்காரர் முதலிய தலைமைகளும் இருந்தன. நாடு என்பது சமவெளியின் பழைய ஆட்சிப் பிரிவின் பெயர். அரசிலிருந்து தப்பியோர் என்பதைவிட, அரசமைப்பின் சொற்களைத் தம் அளவில் மீண்டும் கட்டியமைத்தோர் எனக் கூறுதல் இவர்களுக்குப் பொருந்தும்.

முடிவுரை

மூன்று சகோதரர் தொன்மம் ஒரு பயணக் குறிப்பன்று. சமவெளிச் சாதிகளின் முன் மதிப்பையும், மலைநிலத்தின் மீது உரிமையையும், பிற மலைகளோடு உறவையும் ஒருங்கே நிலைநாட்டும் கூற்று அது. காலனிய இனவரைவியல் மதிப்புக்கான கூற்றை மட்டும் வரலாறாகக் கொண்டு, உரிமைக்கான கூற்றையும் பெண்வழி நினைவையும் கைவிட்டது. அவ்வாசிப்பின் அளவுகோல்கள் பின்னர் நிருவாக நடைமுறையிலும் தொடர்ந்தன.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளுள் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டே. சேர்வராயனும் கொல்லிமலையும் இவ்விரு தொகுதிகளுள் அடங்குகின்றன. கதையில் சகோதரர்கள் பங்கிட்டுக்கொண்ட மலைகள் இன்று பழங்குடி அரசியலின் களங்களாக இருப்பது, தொன்மமும் தகுதியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதைக் காட்டுகிறது. இனிவரும் கள ஆய்வுகள் ஆடவர் சொல்லும் கதையோடு நின்றுவிடாமல், பெண்களின் சடங்குகளையும் அவர்கள் அவற்றுக்குக் கூறும் விளக்கங்களையும் மலைவாரியாகத் தொகுத்தல் வேண்டும். சேர்வராயன் கிளையின் தாய்வழி நினைவு குறித்து இக்கட்டுரை விடைகாணாது விட்ட இடத்திலிருந்தே அப்பணி தொடங்குதல் தகும்.